அதே மேடு, அதே கால்: பினாங்குத் தீவைச் சுற்றும் மிதிவண்டிப் பயணத்தில் கெண்டைக்கால் பிடிப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இக்குறிப்பில் வருபவர் 47 வயது ஆண். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பப் பணியாளர். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், பெரும்பாலும் நின்றுகொண்டே வேலை செய்பவர். உயர் இரத்த அழுத்தத்துக்காக மூன்றாண்டுகளாக மாத்திரை எடுத்து வருகிறார். தாய், தந்தை இருவருக்கும் நீரிழிவு உண்டு. நடக்கும் பழக்கம்கூட இல்லாதிருந்தவர், மருத்துவர் எச்சரித்த பிறகு ஒரு பழைய பந்தய மிதிவண்டியை வாங்கி, இரண்டாண்டுகள் கடலோரச் சமதளப் பாதைகளில் மட்டும் ஓட்டிப் பழகி, 2023 தொடக்கத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் சேர்ந்தார். நான் அதே குழுவில் ஓட்டுபவன்; தொழிலால் இயன்முறைச் சிகிச்சையாளன். அவருடைய ஒப்புதலைப் பெற்றே இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன்.

எங்கள் வழக்கமான பாதை தீவைச் சுற்றி வருவது; ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஜோர்ஜ்டவுன் கடற்கரைத் திடலிலிருந்து விடியுமுன் ஆறு மணிக்கு விளக்குகளுடன் புறப்பட்டு, தஞ்சோங் பூங்கா, பத்து பிரிங்கி வழியாகத் தெலுக் பகாங் போய், அங்கிருந்து அணைக்கட்டைக் கடந்து தித்தி கெராவாங் மேட்டில் ஏறி, பாலிக் புலாவில் இறங்குவோம். அங்கு காலை உணவு. உணவுக்குப் பின் கெந்திங் மேடு. அதைத் தாண்டினால் தெலுக் கும்பார். பிறகு நகரம் வரை சமதளம். பாதையை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த நிகழ்வில் பிடிப்பு எந்த இடத்தில் வந்தது என்பதுதான் முதல் தடயம். அந்தத் தடயத்தை நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

முதல் நிகழ்வு

மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. அது அவருடைய முதல் முழுச்சுற்று. தித்தி கெராவாங் மேட்டை மெதுவாக ஆனால் தடையின்றி ஏறினார். பாலிக் புலாவுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தார். கெந்திங் மேட்டின் நடுப்பகுதியில், எனக்கு ஐம்பது மீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், திடீரென்று மிதிப்பதை நிறுத்தி, இடப்பக்கப் புல்தரையில் வண்டியோடு சாய்ந்தார். வலது கெண்டைக்கால் கல்போல் இறுகியிருந்தது. தசை தோலுக்கடியில் முடிச்சாகத் திரண்டு நின்றதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. காலணியின் அடியில் உள்ள கிளீட் பெடலில் மாட்டியிருந்ததால் காலை விடுவிக்க முடியாமல் விழுந்திருக்கிறார். கிளீட்டைக் கழற்றக் குதிகாலை வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும்; கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட நிலையில் அதைச் செய்ய இயலாது. சாலையின் பக்கம் விழுந்திருந்தால் இந்தக் குறிப்பின் முடிவு வேறாக இருந்திருக்கும். முழங்கையில் சிராய்ப்போடு தப்பினார்.

அந்த இடத்தில் செய்தது சரியாகவே இருந்தது. முழங்காலை நீட்டச் செய்து, பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து விரல்களை முழங்காலை நோக்கி மெதுவாக மடக்கி, அப்படியே அரை நிமிடம் வைத்திருந்தேன். இரண்டு முறை விட்டுவிட்டுச் செய்தபின் தசை தளர்ந்தது. குழுவில் ஒருவர் கோடாலித் தைலத்தைப் போட்டு அழுத்தித் தேய்க்க முனைந்தார், அதைத் தடுத்தேன். இறுகி நிற்கும் தசையை விசையோடு பிசைந்தால் மறுநாள் வலி கூடுமே தவிர, பிடிப்பை விடுவிப்பது நீட்சிதான். எஞ்சிய தொலைவை அவர் காரில் கடந்தார்.

எனது முதல் முடிவும் அதன் விளைவும்

அன்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, உடம்பில் தண்ணீர் போதவில்லை என்பதுதான். வெயில் ஏறிவிட்டது, மார்ச் மாதப் புழுக்கம், அவர் பாலிக் புலாவ் வரை குடித்தது ஒன்றரை லிட்டர். கணக்கு பொருந்துவதுபோல் தெரிந்தது. நானும் அதையே சொன்னேன்: அடுத்த முறை தாகம் எடுக்குமுன்பே குடியுங்கள், மொத்தம் ஐந்து லிட்டருக்குக் குறையக் கூடாது. அவரைப் பரிசோதிக்காமலும், அவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்று கேட்காமலும் அந்த ஆலோசனையைச் சொன்னேன். இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய பிழை அதுவே.

இரண்டு வாரம் கழித்து அவர் சொன்னபடியே செய்தார். ஐந்து லிட்டரும் வெறும் தண்ணீர். கெந்திங் மேட்டின் அதே நடுப்பகுதியில் அதே வலது கெண்டைக்கால் மறுபடியும் பிடித்தது. இம்முறை இறங்கி நின்று நீட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டைக் கடந்தார். வீடு சேர்ந்தபின் தலைவலி, குமட்டல். கடிகாரப் பட்டை மணிக்கட்டில் பதிந்து போயிருந்தது. மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. அவர் மனைவி தற்செயலாக எடைக்கருவியில் ஏறிப் பார்க்கச் சொன்னார். வழக்கமான காலை எடை 78.4 கிலோ, அன்று நண்பகலில் 79.1. நாலரை மணி நேரம் வியர்த்துவிட்டு வந்த மனிதர் எடை கூடியிருந்தார்.

மாலையில் அவர் தொலைபேசியில் இதைச் சொன்னபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. வியர்வையில் நீரோடு சோடியமும் போகிறது. ஈடு செய்வது வெறும் நீராக இருந்து, அதுவும் இழந்ததைவிட மிகுதியாக இருந்தால், இரத்தத்தில் சோடியத்தின் செறிவு தாழும். இது ஏட்டில் மட்டும் உள்ள ஆபத்து அன்று. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பளவுக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்ததே அதற்கான முதன்மை அடையாளம். இவருக்கு இன்னொரு சுமையும் இருந்தது. அன்று மாலை மாத்திரைகளின் பெயரைக் கேட்டேன். அவற்றில் ஒன்று ஹைட்ரோகுளோரோதயசைட். சிறுநீரைப் பெருக்கி, அதோடு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும் மருந்து. அதை எடுப்பவருக்கு அளவுக்கு மீறி வெறும் நீரைப் பரிந்துரைப்பது ஆபத்தை நாமே கூட்டுவதாகும். சிறுநீர் தடையின்றிப் போவதையும், பேச்சில் தெளிவு இருப்பதையும் உறுதிசெய்துகொண்டு, மேற்கொண்டு நீர் அருந்தாமல் உப்பிட்ட கஞ்சி குடிக்கச் சொன்னேன். வாந்தியோ, குழப்பமோ, மிகுந்த சோர்வோ தென்பட்டால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகும்படி அவர் மனைவியிடம் அழுத்திச் சொன்னேன். இரவுக்குள் தேறிவிட்டார்.

கிளினிக்

அடுத்த நாள் இரண்டு முடிவுகள் எடுத்தோம். காரணம் தெரியும்வரை மேடு ஏறக் கூடாது. அதற்கு முன் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவருக்கு இதில் விருப்பமில்லை. "தம்பி, சதை பிரட்டுனதுக்கெல்லாம் டாக்டரா?" என்றார். மிதிவண்டியில் வரும் பிடிப்பு பெரும்பாலும் தீங்கற்றதுதான். ஆனால் நாற்பது வயதைக் கடந்து, இரத்த அழுத்தம் உள்ளவர், மீண்டும் மீண்டும் ஒரே காலில் வலி என்கிறார் என்றால் வேறு சிலவற்றை முதலில் விலக்க வேண்டும். உழைக்கும்போது வந்து நின்றவுடன் மறையும் கெண்டைக்கால் வலி, கால் தமனி சுருங்கியதால் வருவதாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, வெதுவெதுப்பாகி, ஓய்விலும் வலித்தால் ஆழ்நாளத்தில் இரத்தக்கட்டி இருக்கக்கூடும். முதுகிலிருந்து இறங்கும் நரம்பு அழுந்தினாலும் கெண்டைக்கால் பிடிக்கும். தைராய்டு, சிறுநீரகம், நீரிழிவு ஆகியவையும் தசைப்பிடிப்பாக முகம் காட்டுவதுண்டு. கடும் உழைப்புக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் அது தசை சிதைவதன் அடையாளம். அதற்கு ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

ஒரு வார ஓய்வுக்குப் பின் இரத்தம் எடுத்தார்கள். உழைப்பு முடிந்த கையோடு எடுத்தால் தசை நொதியான கிரியட்டின் கைனேஸ் எவருக்கும் உயர்ந்தே தெரியும் என்பதால் அந்த இடைவெளி. சோடியம் 138, பொட்டாசியம் 3.7, இரண்டும் இயல்பு, பொட்டாசியம் மட்டும் கீழ்வரம்பை ஒட்டி. சிறுநீரகம், தைராய்டு, தசை நொதி எல்லாம் சரி. பாத நாடிகள் இரு கால்களிலும் நன்றாகத் துடித்தன. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.9 என்று வந்தது. பிடிப்புக்கு அது காரணமில்லை என்றாலும், இந்த அலைச்சலில் கிடைத்த பயனுள்ள எச்சரிக்கை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியாவின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் இந்தியர்களிடையே அந்த அளவு இன்னும் அதிகம். ஆகவே அந்த எண்ணை அவர் அலட்சியப்படுத்தவில்லை.

இரத்த அழுத்தம் மட்டும் 158/96 என்று இருந்தது. விசாரித்ததில், நண்பர் ஒருவர் "அந்த மாத்திரைதான் சத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது" என்று சொன்னதைக் கேட்டு, பத்து நாளாக அவராகவே நிறுத்தியிருந்தார். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, பொட்டாசியம் இயல்பாக இருப்பதைக் காட்டி, மாத்திரையைத் தொடரச் சொல்லி, ஆறு வாரத்தில் மறுபரிசோதனைக்கு நாள் கொடுத்தார். மாத்திரையை மாற்ற வேண்டியிருந்தால் தாமே மாற்றுவதாகவும், ஓட்டும் நாளில்கூட அதைத் தவிர்க்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொன்னார்.

உப்பா, களைப்பா

இனி காரணத்தைத் தேட வேண்டியிருந்தது. உழைப்பில் வரும் தசைப்பிடிப்புக்கு இரண்டு விளக்கங்கள் நெடுங்காலமாக உண்டு. முதலாவது, நீரும் உப்பும் குறைவதால் வருகிறது என்பது. 1920களில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெப்பத்தில் உழைத்தவர்களுக்கு உடலெங்கும் பிடிப்பு வந்ததையும், அவர்கள் குடித்த நீரில் உப்பு சேர்த்தபோது அது தணிந்ததையும் கண்டே இந்தக் கருத்து வேரூன்றியது. அவர்கள் பல மணி நேரம் வியர்த்து, வெறும் நீரை ஏராளமாகக் குடித்தவர்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், நானும் மறந்திருந்தேன்.

இரண்டாவது விளக்கத்தைத் தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னசும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997இல் முன்வைத்தார்கள். தசையைச் சுருங்கத் தூண்டும் சமிக்ஞையும், போதும் என்று அடக்கும் சமிக்ஞையும் முதுகுத்தண்டில் எப்போதும் சமனாக நிற்கின்றன. தூண்டல், தசை நீள்வதை உணரும், தசைக்குள் இருக்கும் தசைக்கதிர்களிலிருந்து வருகிறது. அடக்கல், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் இழுவிசையை உணரும் கோல்கி உறுப்புகளிலிருந்து வருகிறது. தசை களைத்துப்போகும்போது தூண்டல் கூடி, அடக்கல் குறைகிறது. குறுகிய நிலையில் இருந்துகொண்டே தசை மேலும் சுருங்க நேர்ந்தால், நாணில் இழுவிசை குறைவாக இருப்பதால் அடக்கல் இன்னும் தளர்கிறது. நீட்டிவிட்டால் பிடிப்பு உடனே தளர்வதற்கும் இதுவே விளக்கம்: நாண் இழுபடுகிறது, அடக்கும் சமிக்ஞை திரும்புகிறது. உடலில் உப்பு குறைந்திருப்பதுதான் காரணம் என்றால் காலை நீட்டியதும் அது ஏன் சரியாக வேண்டும்? ஊறுகாய்ச் சாறு குடித்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் பிடிப்பு தணிவதாக 2010இல் வந்த ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது. அந்த நேரத்துக்குள் உப்பு இரத்தத்தில் சேர முடியாது, தொண்டையில் உறைக்கும் புளிப்பு நரம்பு வழியே வேலை செய்கிறது என்பதே ஏற்கத்தக்க விளக்கம்.

இவற்றில் ஒன்று உண்மை, மற்றது பொய் என்று நான் சொல்லவில்லை. நெடுநேரம் வியர்ப்பவருக்கு, உடலின் பல இடங்களில் பிடிப்பு பரவினால், உப்பிழப்பைத்தான் முதலில் நினைப்பேன். இவருக்கு அப்படி இல்லை. ஒரே கால், ஒரே தசை, ஒரே மேடு. இரத்தம் உடல் முழுதும் ஓடுகிறது. சோடியக் குறைவு வலது கெண்டைக்காலை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்காது. இன்னொன்றையும் அவரே நினைவுபடுத்தினார். முதல் பிடிப்புக்கு ஐந்து வாரம் முன்புதான் தைப்பூசம். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் ஏந்தி, வெறுங்காலோடு, உச்சி வெயிலில் 513 படிகளையும் ஏறியிருக்கிறார். மிதிவண்டிப் பயணத்தில் வியர்த்ததற்குக் குறையாமல் வியர்த்திருப்பார், கால் பிடிக்கவில்லை. படியில் அவர் தன் வேகத்தில் ஏறினார். ஒவ்வொரு படியிலும் குதிகால் தரையைத் தொட்டது. மிதிவண்டியில் இரண்டும் இல்லை.

அளந்து பார்த்தவை

ஏப்ரல் மாதம் அவரை என் சிகிச்சை அறைக்கு மிதிவண்டியுடன் வரச் சொல்லி, நிலைச்சட்டத்தில் வண்டியைப் பொருத்தி ஓட்டச் செய்து பார்த்தேன். பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளியில், பெடல் அடியில் இருக்கும்போது வலது முழங்கால் ஏறக்குறைய 20 பாகை மட்டுமே மடங்கியிருந்தது. 25க்கும் 35க்கும் இடையில் இருப்பது பொதுவான வழிகாட்டல். வண்டியின் முந்தைய உரிமையாளர் உயரமானவர். இருக்கை அவர் விட்டுப்போன உயரத்திலேயே இருந்தது. எட்டாத பெடலை எட்டுவதற்கு இவர் ஒவ்வொரு சுற்றிலும் குதிகாலைத் தூக்கி, நுனிவிரலால் மிதித்துக்கொண்டிருந்தார். கெண்டைத்தசை குறுகிய நிலையிலேயே மணிக்கு ஆயிரக்கணக்கான முறை சுருங்கிக்கொண்டிருந்தது என்று பொருள். வலது காலணியின் கிளீட்டும் விரல் பக்கமாக முன்தள்ளிப் பூட்டப்பட்டிருந்தது. அது கெண்டையின் சுமையை இன்னும் கூட்டியது.

ஆனால் ஏன் வலது மட்டும்? சுவரில் விரல் வைத்து ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொன்னேன். இடது காலில் 24 முறை உயர்த்தினார். வலதில் 13ஆவது முறையோடு நின்றுவிட்டது. ஆறாண்டுக்கு முன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கணுக்கால் எலும்பு விரிசல் கண்டு ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்ததாக அப்போதுதான் சொன்னார். கட்டைப் பிரித்தபின் பயிற்சி எதுவும் செய்யவில்லை. நடைக்கு அந்தக் கால் போதுமானதாக இருந்ததால், குறை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, பல்சக்கரம். முன்னால் சிறிய சக்கரத்தில் 39 பற்கள், பின்னால் பெரியதில் 25. பெடல் ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 3.3 மீட்டர் நகரும். கெந்திங் மேட்டில் அவர் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர். அதாவது நிமிடத்துக்கு 46 சுற்று. முன்னால் 34, பின்னால் 32 பற்கள் இருந்தால் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 67 சுற்று வரும். ஒவ்வொரு மிதியிலும் தேவைப்படும் விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். இளைஞரான பந்தய வீரருக்கு அமைந்த பற்களோடு, சமதளத்தில் மட்டும் பழகிய 47 வயதுக் கால் மேடேறிக்கொண்டிருந்தது.

மாற்றங்கள், ஒவ்வொன்றாக

இவை அனைத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்று அவர் விரும்பினார். நான் மறுத்தேன், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என்பது தெரியாது, குறை திரும்பி வரும்போது எதைப் பிடித்துத் திருத்துவது என்பதும் தெரியாது. தவிர, நீரும் உப்பும்தான் காரணம் என்ற நம்பிக்கை குழுவில் எவரிடமும் அசையவில்லை. ஆகவே முதலில் அதையே ஒழுங்காகச் சோதித்தோம்.

ஏப்ரல் கடைசி ஞாயிறன்று, கிளீட் இல்லாத சாதாரணப் பெடல் மாட்டி, வேறெதையும் மாற்றாமல் ஓட்டினார். மருத்துவரிடம் கேட்டு, இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்திருந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகே இது நடந்தது. புறப்படும்போது 78.2 கிலோ. ஐசோடோனிக் பானத்தில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, தாகத்துக்கு ஏற்ப அருந்தினார். பாலிக் புலாவில் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டார். உணவுக்குப்பின் எடை 77.5, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இழப்பு. கெந்திங் மேட்டின் நடுவில், கிட்டத்தட்ட அதே மின்கம்பத்தின் அருகே, வலது கெண்டைக்கால் பிடித்தது. இறங்கி நின்று, "தம்பி, அதே மேடு, அதே காலு" என்றார். குழுவின் வாதம் அன்றோடு ஓய்ந்தது.

வாழைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நடுத்தரமான பழம் ஒன்றில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு, நல்ல உணவு. ஆனால் வியர்வையில் போகும் பொட்டாசியம் சோடியத்தோடு ஒப்பிட மிகச் சிறிது. மேட்டின் அடிவாரத்தில் தின்ற பழம் மேட்டின் நடுவில் தசையைக் காக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை. மெக்னீசியம் மாத்திரையையும் பலர் பரிந்துரைத்தார்கள். உழைப்பில் வரும் பிடிப்பை அது தடுக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லாததால் வாங்க வேண்டாம் என்றேன். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து பற்றி ஒருவர் கேட்டார். இதயத்துக்கும் இரத்த அணுக்களுக்கும் அது விளைவிக்கக்கூடிய தீங்கு கருதிக் கால் பிடிப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத்துறையே எச்சரித்திருப்பதைச் சொல்லி, உறுதியாக மறுத்தேன்.

மே மாதம் இருக்கையை இரண்டு தவணையாக 14 மில்லிமீட்டர் இறக்கி, கிளீட்டைப் பின்னுக்கு நகர்த்தினோம். முழங்கால் மடக்கம் 27 பாகைக்கு வந்தது, குதிகால் தாழ்ந்தது. அந்த மாத இறுதியில் முழுச்சுற்று. மின்கம்பத்தைக் கடந்துவிட்டார், உச்சிக்குச் சற்று முன்னால் தசை துடிக்கத் தொடங்கியது. துடிப்பு தொடங்கியதும் விசையைக் குறைத்து, குதிகாலைத் தாழ்த்தி மிதிக்கும்படி முன்பே சொல்லியிருந்தேன். முழுப் பிடிப்பு வரவில்லை.

ஜூனில் பல்சக்கரங்களை மாற்றினார். அவர் தயங்கியது செலவுக்காக. பழைய பாகங்களைக் கழித்துக்கொண்டு ஏறத்தாழ 500 ரிங்கிட் ஆனது. என் கணக்கில், குடும்பத்தோடு வெளியூர் போகும் ஒரு வார இறுதியின் செலவுக்கு அது சமம். அவர் நிலையில் அது சிறிய தொகை இல்லை என்பதையும் அறிவேன். ஆயினும் இந்த ஒன்றில் அவரை வற்புறுத்தினேன். தசையை வலுவாக்க மூன்று மாதம் ஆகும். சுமையை ஒரு பிற்பகலில் குறைத்துவிடலாம்.

வலுவூட்டும் பயிற்சி மே மாதமே தொடங்கியிருந்தது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரு கால்களாலும் உயர்ந்து, வலது காலால் மட்டும் மூன்று நொடியில் மெதுவாக இறங்குவது. வாரத்தில் மூன்று நாள், மூன்று சுற்று. நாலாம் வாரத்திலிருந்து ஒற்றைக்காலால் உயர்வது. எட்டாம் வாரத்திலிருந்து முதுகுப்பையில் அரிசி மூட்டை வைத்துச் செய்வது. இரவு ஷிப்டு முடித்து வரும் நாள்களில் தவறவிட்டார். ஆனால் விட்டதை ஒளிக்காமல் குறித்துவைத்தார்.

பின்னர் நடந்தவை

ஜூலை முதல் செப்டம்பர் வரை நான்கு முழுச்சுற்றுகள். ஒன்றிலும் பிடிப்பு இல்லை. ஆகஸ்டு இறுதியில் வலது காலில் குதிகால் உயர்த்தல் 13இலிருந்து 22 ஆகியிருந்தது. எடைக்கருவியை இப்போது முறையாகப் பயன்படுத்துகிறார். ஒரு பயணத்தில் 1.2 கிலோ குறைந்து, 2.8 லிட்டர் அருந்தியிருந்தார். நான்கு மணி நேரத்துக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர் வியர்வை. அதற்கேற்ப மணிக்கு 700 மில்லிலிட்டர் அளவில், பாதிக்கு மேல் உப்புள்ள பானமாக, தாகம் எடுக்கும்போது குடிக்கிறார். பிடிப்புக்காக அல்ல; வெப்பத்தில் உடல் தாங்குவதற்காக. ஆறு வாரத்துக்குப் பின் எடுத்த இரத்த அழுத்தம் 132/82.

அக்டோபரில் ஒருமுறை மீண்டும் பிடித்தது. மூன்று இரவு ஷிப்டு தொடர்ந்து பார்த்துவிட்டு, சனிக்கிழமை நாலு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு வந்த நாள். தித்தி கெராவாங்கில், வேகமாகப் போகும் இருவரோடு அவரும் ஒட்டிக்கொண்டு ஏறினார். பழைய இடத்தில் அல்ல. தித்தி கெராவாங் உச்சிக்கு அருகில், அதே வலது கெண்டை. அவர் சோர்ந்துபோனார், பயிற்சியெல்லாம் வீண் என்று நினைத்தார். எனக்கு அது எதிர்மாறாகவே பட்டது. களைப்பின் எல்லையை அந்தத் தசை முன்பைவிடத் தூரத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறது. அன்று அவர் அந்த எல்லையை வேறு வழியாகத் தேடிப் போய்த் தொட்டார். முன்பு பிடிப்பு வந்தவருக்கு மறுபடி வருவதும், வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் நாளில் வருவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுபவை.

மறுபடியும் செய்ய நேர்ந்தால்

மாத்திரைகளைக் கேட்காமல் இனி எவருக்கும் நீரின் அளவைச் சொல்ல மாட்டேன். முதல் நாளே எங்கே பிடித்தது, எந்தக் கால், அதற்குமுன் எவ்வளவு நேரம் ஓய்வு, முன்பு அந்தக் காலில் அடிபட்டதா என்ற நான்கையும் கேட்டிருந்தால் இரண்டாம் நிகழ்வும் அதன் ஆபத்தும் நேர்ந்திருக்காது. மேடேறப் புதியவர்கள் முதல் சில மாதங்களுக்குச் சாதாரணப் பெடலில் வரும்படியும், கிளீட் மாட்டியவர்கள் துடிப்பு தொடங்கிய நொடியே பிடிக்காத காலை முதலில் விடுவித்து ஊன்றும்படியும் சொல்கிறோம்.

ஓய்வு என்ற கேள்விக்குக் கிடைத்த விடை என்னை வருத்தியது. மார்ச் மாத முதல் பயணத்தின் நேரப்பதிவை அவர் கைப்பேசியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முன்னால் போனவர்கள் பாலிக் புலாவ் கடையில் 25 நிமிடம் உட்கார்ந்திருந்தோம். கடைசியாக வந்து சேர்ந்த அவருக்குக் கிடைத்தது 6 நிமிடம். ஆறாத கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எங்களோடு எழுந்து வந்திருக்கிறார். குழுவிலேயே மிகவும் களைத்த கால், மிகக் குறைந்த ஓய்வோடு கெந்திங் மேட்டுக்குப் போனது. செப்டம்பரிலிருந்து பாலிக் புலாவில் கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறோம். அதிலிருந்து 20 நிமிடம் கழித்தே புறப்பாடு.